ஃபாக்டரி ஆயுத பூஜையில் கற்பூரம் காட்டச் சொல்கிறார்கள்: விசுவாசி எங்கே நிற்பது?

கோத்தகிரி_ஃபிட்டர்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ ஃபாக்டரியில் சீனியர் ஃபிட்டராக இருக்கிறேன். இலையை நசுக்கி நறுக்கும் சிடிசி ரோலர், உலர்த்தும் ட்ரையர், வாட வைக்கும் விதரிங் ஃபேன் எல்லாம் என் பொறுப்பு.

எங்கள் ஃபாக்டரியில் ஆயுத பூஜை பெரிதாக நடக்கும். முந்தின நாளே மெஷினை நிறுத்தி, ரோலர் பல் இடுக்கில் காய்ந்து ஒட்டியிருக்கும் தேயிலைப் பிசினைக் கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டி, கழுவி, கிரீஸ் வைத்துப் பளபளவென்று ஆக்கிவிடுவோம். மறுநாள் வாழைக்கன்று கட்டுவார்கள். மெயின் போர்டில் தொடங்கி ஸ்பேனர் பெட்டி வரை சந்தனம், குங்குமம். இத்தனை வருஷம் கற்பூரம் காட்டி வாசலில் பூசணிக்காய் உடைத்தது எங்கள் ஹெட் மேஸ்திரி. அவர் ரிட்டையர் ஆகிவிட்டார். "மெஷின் உன் கையில்தான் ஓடுது, இனி நீதான் செய்யணும்" என்று முதலாளி என்னிடம் சொல்லிவிட்டார். மனுஷர் நல்லவர். என்னைச் சோதிக்க வேண்டும் என்று சொல்லவில்லை, மரியாதையாக நினைத்துத்தான் கொடுக்கிறார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

சபையில் கேட்டேன். ஒருவர் வேலையை விட்டுவிடு என்கிறார். இன்னொருவர், "கையில் தட்டைப் பிடி, உள்ளுக்குள் இயேசப்பாவிடம் ஜெபம் பண்ணு, தேவன் இருதயத்தைத்தானே பார்க்கிறார்" என்கிறார். வீட்டுக்காரி மட்டும், "நம்ம பிள்ளைங்க பார்த்துக்கிட்டு இருக்குதுங்க, அதை மனசுல வச்சு முடிவு பண்ணுங்க" என்றாள்.

பொரி வாங்கிச் சாப்பிடலாமா, நாங்கள் குடியிருக்கிற லைன் வீடுகளில் மாரியம்மன் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி கொடுக்கலாமா என்பதும் கூடவே வருகிறது. வசனத்தோடு சொல்லுங்கள். என்னை ஆறுதல்படுத்த வேண்டாம், எது சரியோ அதைச் சொல்லுங்கள்.

---

கல்லட்டி_ஜீப்

பிரதர், பிரைஸ் தி லார்ட். நான் ஊட்டியில் ஜீப் ஓட்டுகிறேன், சீசனில் மசினகுடி ட்ரிப். கல்லட்டி இறக்கத்தில் 36 கொண்டை ஊசி வளைவு. அந்த ரோட்டில் வண்டி எடுக்கிறவன் எலுமிச்சம்பழம் கட்டாமல் போகமாட்டான். முன்னே நான் வேலை செய்த ஓனர், டயருக்கு எலுமிச்சை வைத்து ஏற்றிவிட்டுத்தான் வண்டியை எடுக்கணும் என்றார். முடியாது என்றேன். சாவியை வாங்கிக்கொண்டார். மழைக்காலம் முழுக்க வேலையில்லாமல் இருந்தேன். கர்த்தர் கைவிடவில்லை.

உங்கள் கேள்விக்குப் பதில் 2 கொரிந்தியர் 6ல் இருக்கிறது. தேவனுடைய ஆலயத்துக்கும் விக்கிரகங்களுக்கும் சம்பந்தம் ஏது? கற்பூரமும் கூடாது, பொரியும் கூடாது, வரியும் கூடாது. அன்றைக்கு லீவு போட்டுவிடுங்கள். இன்றைக்குப் பொரி, நாளைக்குப் பொங்கல், அப்புறம் பிள்ளை கையில் கயிறு. வழுக்குகிற பாறையில் முதல் அடியே வைக்கக் கூடாது.

---

குன்னூர்_டீச்சர்

ஃபிட்டர் அண்ணா, முதலில் "உள்ளுக்குள் ஜெபம் பண்ணிக்கொள்" என்ற ஆலோசனையைத் தூரப் போட்டுவிடுங்கள். அது புதிதல்ல. கி.பி. 250 வாக்கில் ரோமப் பேரரசன் டீசியஸ், எல்லோரும் தேவர்களுக்குப் பலியிட்டு அதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணை போட்டான். பலியிடாமலே அதிகாரிக்குப் பணம் கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிய கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். "நாங்கள் கும்பிடவே இல்லையே" என்று வாதாடினார்கள். கார்த்தேஜ் சபையின் கண்காணியாக, அதாவது பிஷப்பாக, இருந்த சிப்ரியான் அதை ஏற்கவில்லை. பலியிட்டவர்கள் அளவுக்கு இல்லாவிட்டாலும் அதுவும் மறுதலிப்புத்தான், மனந்திரும்ப வேண்டியதுதான் என்றார். ஆராதனை வெளியே தெரிகிற செயல். தட்டைப் பிடிப்பவர் யாருக்குப் பிடிக்கிறார் என்பது பார்க்கிறவர்களுக்குத் தெரியும்.

ஆனால் ஜீப் அண்ணன் சொல்வதுபோல் எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்ட என்னால் முடியவில்லை. தானியேல் முதல் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். பாபிலோனில் அவனுக்கு வைத்த பெயரே பெல்தெஷாத்சார். அந்தப் பெயரால் கூப்பிட்டபோது சண்டை போடவில்லை. கல்தேயருடைய எழுத்தையும் பாஷையையும் கற்றான். ராஜாவின் அரண்மனையில் உத்தியோகம் பார்த்தான். ராஜாவின் போஜனத்தாலும் திராட்சரசத்தாலும் தன்னைத் தீட்டுப்படுத்தலாகாது என்று தீர்மானித்தது ஒரே இடத்தில். அங்கேயும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகவில்லை. மேல்விசாரிப்புக்காரனிடம் போய், பத்து நாள் பருப்பும் தண்ணீரும் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள் என்று பணிவாகக் கேட்டான்.

ஆகவே முதலாளியிடம் முன்கூட்டியே போங்கள் அண்ணா. பூஜையன்று காலையில் லீவு போட்டு ஒளிவது சாட்சி ஆகாது.

---

கல்லட்டி_ஜீப்

சிஸ்டர், ஒளிவது என்று சொல்லாதீர்கள். விலகியோடச் சொல்லியும் வேதம் சொல்கிறது, 1 கொரிந்தியர் 10:14 பாருங்கள். யோசேப்பு போத்திபார் வீட்டில் நின்று விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்கவில்லை, வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான்.

---

காந்தல்_பெரியவர்

நான் கத்தோலிக்கன். காந்தல் குருசடிக்குப் பக்கத்தில்தான் வீடு. நீங்கள் பேசுகிற விஷயம் எங்கள் திருச்சபையில் நூறு வருஷத்துக்கு மேல் வழக்காக நடந்தது, அதனால் எழுதுகிறேன்.

தத்துவ போதகர் என்று நாம் சொல்லும் இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி 1606ல் மதுரைக்கு வந்தார். காவி உடுத்தினார், சைவ உணவு உண்டார், தமிழும் சமஸ்கிருதமும் படித்தார். ஞானஸ்நானம் பெற்றவர்கள் பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ளலாம், சந்தனம் இட்டுக்கொள்ளலாம் என்றார். அவை குலத்தையும் குளித்துச் சுத்தமானதையும் காட்டும் அடையாளங்கள், வழிபாடு அல்ல என்பது அவர் வாதம். கூடவே இருந்த குருக்களே ரோமுக்குப் புகார் எழுதினார்கள். 1623ல் பாப்பரசர் 15ஆம் கிரகோரியார் நிபந்தனைகளோடு அனுமதித்தார். பிறகு 1703ல் புதுச்சேரிக்கு வந்த பாப்பரசரின் தூதர் தூர்னோன் 1704ல் பல வழக்கங்களைத் தடை செய்தார். 1744ல் 14ஆம் ஆசீர்வாதப்பர் பெரும்பாலும் அந்தத் தடைகளையே உறுதி செய்து வழக்கை முடித்தார்.

இவ்வளவு சண்டையிலும் இரண்டு தரப்பும் ஒத்துப்போன இடம் ஒன்று உண்டு. சிலைக்குத் தூபம் காட்டலாமா என்று யாருமே கேட்கவில்லை. கேள்வியெல்லாம் சந்தனம் எது, சாங்கியம் எது என்பதில்தான். தம்பி, உங்கள் கற்பூரத் தட்டு அந்தச் சந்தேகப் பட்டியலில் வராது. பொரி வரும்.

---

ஹட்டி_மகள்

நான் படகர் குடும்பம், கேத்திப் பக்கம். 1846ல் சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன்காரர்கள் கேத்தியில் வேலை தொடங்கினார்கள். எங்கள் ஜனத்தில் முதல் ஞானஸ்நானம் 1858ல்தான் நடந்தது. அவ்வளவு காலம் ஏன் பிடித்தது என்று ஹட்டியில், அதாவது எங்கள் படகர் ஊரில், வளர்ந்தவர்கள் கேட்க வேண்டியதில்லை. எங்களுக்கு நம்பிக்கை, சொந்தம், நிலம், சாவு எல்லாம் ஒரே வீட்டுக்குள் இருக்கிறது. ஒருவர் விலகினால் அத்தனையிலிருந்தும் விலகினதாக ஆகிவிடும்.

என் பெரியப்பா இறந்தபோது ஹட்டிக்குப் போனேன். எங்கள் வழக்கத்தில் இறந்தவருடைய பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, அவை நீங்க வேண்டும் என்று கேட்கும் சடங்கு உண்டு. ஒருவர் சொல்ல, கூட்டம் சேர்ந்து குரல் கொடுக்கும். நான் அந்த நேரம் குரல் கொடுக்கவில்லை. என் பாவம் சிலுவையில் தீர்ந்தது என்று நம்புகிறவள் அதில் எப்படிக் குரல் கொடுப்பேன்? ஆனால் அங்கிருந்து போகவும் இல்லை. பெரியம்மா கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்கு முன்னாலும் பின்னாலும் வந்தவர்களுக்குக் காபி கொடுத்தேன், பாத்திரம் கழுவினேன். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கழுவின பாத்திரம் எனக்காகப் பேசியது என்றுதான் நினைக்கிறேன்.

பெரியவர்களைப் பார்த்தால் தலை குனிவோம், அவர்கள் தலையில் கை வைத்து ஆசீர்வதிப்பார்கள். அதையும் விடச் சொன்ன ஊழியக்காரர் உண்டு. நான் விடவில்லை. யாக்கோபு பேரப்பிள்ளைகள் தலையில் கை வைத்ததும் இதுதானே.

ஃபிட்டர் அண்ணா, கற்பூரம் வேண்டாம். ஆனால் அந்த இடத்தில் இருங்கள்.

---

பந்தலூர்_லயம்

வரி பற்றி மட்டும் சொல்கிறேன். எங்கள் தாத்தா காலத்தில், இந்தியாவும் சிலோனும் 1964ல் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு சிலோனிலிருந்து வந்து, இங்கே டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் குடியேறினோம். அங்கேயும் லயத்துக்குத் திருவிழா என்றால் எல்லா வீட்டிலும் வரி. எங்கள் தாத்தா கிறிஸ்தவர். கமிட்டித் தலைவரிடம் போய், "பூசைக்கு என் காசு வேண்டாம், அன்னதானத்து அரிசியில் என் பங்கைச் சேர்த்துக்கொள்ளுங்க" என்று சொல்வாராம். அவர்களும் நோட்டில் தனியாக எழுதிக்கொள்வார்களாம். கிறிஸ்துமஸுக்கு அதே ஆட்கள் எங்களுக்குப் பந்தல் போட்டுக் கொடுப்பார்கள். இன்றைக்கும் எங்கள் லைனில் இப்படித்தான்.

---

லேத்_பட்டறை_குன்னூர்

அஸ்ஸலாமு அலைக்கும் சகோதரர்களே. கேட்டது கிறிஸ்தவச் சகோதரர், ஆனாலும் எங்களுக்கும் இதே நிலைமை என்பதால் எழுதுகிறேன். எனக்கு லேத் பட்டறை இருக்கிறது. நான் முஸ்லிம், வேலை செய்கிற பையன்கள் இந்து. ஆயுத பூஜைக்கு அவர்களுக்கு லீவு, சம்பளம், இனாம் எல்லாம் உண்டு. மெஷினுக்குப் பூஜை நான் செய்வதில்லை, செய்யச் சொல்வதுமில்லை. இணைவைப்பு எங்களுக்குப் பெரும்பாவம். வேறு பெயர் சொல்லிப் படைத்ததை நாங்கள் சாப்பிடவும் மாட்டோம். பையன்களுக்கு அது தெரியும், அதனால் எனக்குப் படைக்காத ஸ்வீட் தனி டப்பாவில் வரும். "உங்கள் மார்க்கம் உங்களுக்கு, என் மார்க்கம் எனக்கு" என்று குர்ஆனின் 109வது அத்தியாயம் முடிகிறது. தெளிவாகச் சொல்லிவிட்டால் ஜனங்கள் புரிந்துகொள்கிறார்கள். மழுப்பினால்தான் மனக்கசப்பு.

---

பச்சிலை_விவசாயி

நான் இந்து, அம்மன் பக்தன். இரண்டு ஏக்கர் தேயிலை இருக்கிறது. நான் இங்கே பேசலாமா என்று யோசித்தேன். ஆனால் பொரியைப் பற்றிப் பேசுகிறீர்கள், பொரியைக் கொடுக்கிறவன் மனதை ஒருத்தராவது தெரிந்துகொள்ள வேண்டும்.

பூஜை முடிந்து பொரி, பொட்டுக்கடலை, தேங்காய்ச் சில்லு, வெல்லம் எல்லாம் பேப்பரில் மடித்துக் கொடுக்கும்போது, இந்த ஆள் நம் கூட வேலை செய்கிறார், இவருக்கும் நல்லது நடக்கட்டும் என்றுதான் கொடுக்கிறோம். வேண்டாம் என்று கும்பிட்டுச் சொன்னால் வருத்தமில்லை. சிரித்துக்கொண்டு வாங்கி, கேட்டுக்கு வெளியே சாக்கடையில் கொட்டினதை நான் பார்த்திருக்கிறேன். பொட்டுக்கடலை தண்ணீரில் மிதந்தது. அது மனதை அறுத்துவிட்டது.

இன்னொன்று. நாங்கள் இலை போடுகிற இடத்தில் எடை போடுகிறவர் உங்கள் ஆள். திருவிழாப் பொங்கலைத் தொடமாட்டார், நெற்றியில் திருநீறு வைத்தவனைக் கண்டாலே முகம் சுளிப்பார். மழைக்காலத்தில் ஈர இலை என்று எடையில் கழிப்பது எல்லா இடத்திலும் உண்டு, அதை நான் குறை சொல்லவில்லை. இவர் வெயில் காய்கிற நாளிலும் கழிக்கிறார். கிழவிகள் முதுகில் சுமந்து கொண்டுவந்த இலை அது. ஒரு கேள்வி கேட்டால் மூட்டையை ஓரமாகத் தள்ளிவிடுவார். சுத்தம் சுத்தம் என்று பேசுகிறீர்களே, அந்தத் தராசு சுத்தமா?

---

குன்னூர்_டீச்சர்

ஐயா, தயவுசெய்து எழுதிக்கொண்டே இருங்கள். எங்கள் வேதமே உங்கள் பக்கம்தான் நிற்கிறது. "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்பது நீதிமொழிகள் 11:1. விக்கிரகத்தைச் சொல்கிற அதே "அருவருப்பு" என்ற கண்டிப்பைத்தான் தராசுக்கும் வைத்திருக்கிறார். ஓய்வுநாள் எப்போது முடியும், மரக்காலைக் குறைத்து விற்கலாமே என்று காத்திருந்த பக்தர்களை ஆமோஸ் எட்டாம் அதிகாரத்தில் கிழிக்கிறார். ஓய்வுநாளை அவர்கள் மீறவில்லை, சுத்தமாகத்தான் ஆசரித்தார்கள். மனசு மட்டும் மரக்காலில் இருந்தது.

இது சபையில் எவ்வளவு காலமாக இருக்கிற நோய் பாருங்கள். 1833ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்திய சபைகளில் சாதி வேறுபாட்டை உடனே, முற்றிலும் விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் அதற்காகவே சபையை விட்டு விலகிப் போனவர்கள் உண்டு. சிலை இல்லை, திருநீறு இல்லை, வேதப்புத்தகம் கையில் இருக்கிறது, ஆனால் இன்னாரோடு ஒரே பாத்திரத்தில் நற்கருணை எடுக்கமாட்டேன் என்றார்கள். இன்றைக்கும் "விசுவாசியான மணமகள் தேவை" என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் சாதியைப் போடுகிறோம். பெண் பார்க்கப் போகும்போது ராகுகாலம் பார்க்கிற மூப்பர் எனக்குத் தெரியும். வெளியிலிருந்து வந்த செல்வாக்கு என்றால் இதுதான் முதல் செல்வாக்கு. மேளச் சத்தமாவது வாசலுக்கு வெளியே கேட்கிறது. இது பீடத்துக்கு முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறது.

---

கல்லட்டி_ஜீப்

தராசு விஷயத்தில் ஐயா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. அப்படிப்பட்டவரால் தேவநாமம் தூஷிக்கப்படுகிறது. சாக்கடையில் கொட்டினதும் தப்பு. ஐயா, அவர்கள் சார்பில் நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் சிஸ்டர், அவன் தராசு கெட்டது என்பதால் இவன் பொரி தின்னலாம் என்று ஆகாது. யாக்கோபு 1:27ல் இரண்டுமே இருக்கிறது. விதவையை விசாரிக்கிறதும் உண்டு, உலகத்தால் கறைபடாதபடிக்குக் காத்துக்கொள்ளுகிறதும் உண்டு. ஒன்றைச் சொல்லி மற்றதை அடிக்காதீர்கள். வெளிப்படுத்தின விசேஷம் 2ல் வருகிற தியத்தீரா சபையைப் பாருங்கள். அன்பு, ஊழியம், விசுவாசம், பொறுமை எல்லாம் இருந்தது, முன்னிலும் அதிகமாகவே இருந்தது. அப்படியும், விக்கிரகங்களுக்குப் படைத்ததைப் புசிக்கப் போதிக்கிற ஸ்திரீக்கு இடங்கொடுத்தாய் என்று கர்த்தர் கண்டித்தார். அதுவும் தொழிலாளிகள் ஊர்தான். ஒவ்வொரு தொழில்காரருக்கும் ஒரு சங்கம் என்று இருந்த ஊர் அது, ஒவ்வொன்றுக்கும் ஒரு தெய்வம், ஒரு விருந்து. நம் ஃபிட்டர் பிரதர் நிற்கிற இடமும் அதுதான்.

---

குன்னூர்_டீச்சர்

இதற்கு நான் தலை வணங்குகிறேன். ஒன்றைச் சொல்லி மற்றதை அடிக்கக் கூடாது, உண்மை. பொரியைப் பொறுத்தவரை 1 கொரிந்தியர் 10ன் கடைசிப் பகுதி தெளிவாகவே இருக்கிறது. அவிசுவாசி விருந்துக்கு அழைத்தால் விசாரிக்காமல் சாப்பிடு. இது படைக்கப்பட்டது என்று ஒருவன் சொன்னால், சொன்னவனுக்காகவும் மனச்சாட்சிக்காகவும் சாப்பிடாதே. ஃபாக்டரியில் படைத்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறோம், விசாரிக்க ஒன்றுமில்லை. ஆகவே பொரி வேண்டாம் என்பதில் நானும் ஜீப் அண்ணனும் ஒன்றுதான். வேண்டாம் என்று சொல்கிற முகம் எப்படி இருக்கிறது என்பதில்தான் எனக்குக் கவலை.

---

கோத்தகிரி_ஃபிட்டர்

எல்லோருக்கும் நன்றி. பூஜை முடிந்துவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன்.

போன வாரமே முதலாளியிடம் போனேன். "ஐயா, இந்த மெஷினைச் சுத்தம் செய்கிறது, பழுது பார்க்கிறது, ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் வர்றது, இதெல்லாம் நான் கர்த்தருக்குச் செய்கிற மாதிரி செய்யறேன். கற்பூரம் காட்டறதும் பூசணி உடைக்கிறதும் மட்டும் என்னால முடியாது. நான் கும்பிடறது ஒருத்தரை மட்டும்தான். உங்க நம்பிக்கையை மதிக்கறதால்தான், நம்பாம நின்னு நடிக்க மாட்டேன்" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "மெஷின் நின்னுச்சுன்னா உன்னாலதான்னு பசங்க சொல்வாங்க, பரவாயில்லையா?" என்று கேட்டார். "சொல்லட்டும் ஐயா, நின்னா நான்தானே சரி பண்ணப் போறேன்" என்றேன். கோபமாகத்தான் போகச் சொன்னார். சீனியர் என்ற முறையில் பூஜையன்று முதலாளி கையால் வேஷ்டி துண்டு வாங்குகிற மரியாதை ஒன்று உண்டு. அது இந்த வருஷம் எனக்கு இல்லை.

முந்தின நாள் சாயங்காலம் இருட்டும் வரை எல்லோரோடும் சேர்ந்து ரோலர் கழுவினேன். மறுநாள் லீவு போடவில்லை. பூஜை நேரத்தில் வெளியே இலை லாரி ஷெட்டில் நின்றேன். முடிந்ததும் உள்ளே போய்ச் சுவிட்சைப் போட்டது நான்தான். பொரி கொடுத்த பையனிடம் கையைப் பிடித்து, "தம்பி, எங்க வேதத்துல படைச்சதைச் சாப்பிடக் கூடாதுன்னு இருக்கு, உன் மேல வருத்தமில்லை, டீ வாங்கிக் கொடு, குடிக்கறேன்" என்றேன். சிரித்துக்கொண்டே போய் டீ வாங்கி வந்தான்.

பச்சிலை ஐயா, உங்கள் பதிவை வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். எங்கள் ஃபாக்டரி எடைமேடையும் என் பராமரிப்பில்தான் இருக்கிறது. முத்திரை வைத்த எடைக்கல்லை ஏற்றி அதைச் சோதித்து, இலை கொண்டுவருகிறவர்கள் பார்க்கிற மாதிரி அளவைப் பலகையில் எழுதிப் போட அனுமதி கேட்டிருக்கிறேன். ஈரக் கழிவு என் கையில் இல்லை. எடை என் கையில் இருக்கிறது.

---

கல்லட்டி_ஜீப்

ஸ்தோத்திரம் பிரதர், கண் கலங்கிவிட்டது. ஆனாலும் கேட்டுவிடுகிறேன். நீங்கள் மாட்டேன் என்றதும் அந்தத் தட்டை யார் பிடித்தது? நீங்கள் கழுவின மெஷினுக்குத்தானே சந்தனம் வைத்தார்கள்? கழுவியதே ஆயத்தம் ஆகாதா?

---

கோத்தகிரி_ஃபிட்டர்

தட்டை ட்ரையர் ஹெல்ப்பர் பிடித்தார். அவர் மனதாரக் கும்பிடுகிறவர், முதலாளி கேட்டதும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். அவரை நான் அனுப்பவில்லை, தடுக்கவும் எனக்கு அதிகாரமில்லை.

கழுவியது பற்றி நானும் ஜெபித்து யோசித்தேன். ரோலரை அவ்வப்போது முழுசாகச் சுத்தம் செய்யாவிட்டால் தேயிலையில் புளிப்பு வாடை ஏறும், பேரிங் போகும். பூஜை இல்லாவிட்டாலும் நான் செய்ய வேண்டிய வேலை அது. அதன் மேல் வேறொருவர் சந்தனம் வைத்தால் அது அவர் காரியம். உங்கள் மனச்சாட்சி இதை ஒப்பவில்லை என்றால் நீங்கள் என் இடத்தில் இருந்தால் கழுவவும் கூடாது, அதை நான் குறைவாக நினைக்கமாட்டேன்.

வரி விஷயத்தில் பந்தலூர்க்காரர் சொன்னபடி கமிட்டியில் பேசினேன். அன்னதானத்துக்கு ஒரு சிப்பம் அரிசி என்று என் பெயரில் தனியாக எழுதிக்கொண்டார்கள். திருவிழாவுக்குத் தண்ணீர் மோட்டார் ஓடவில்லையாம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.